முதுகைப் பார்க்கிறவள்

கழற்றும் அறையின் கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே போன ஜோடி கவச உடையைக் கழற்றிப் போட்டு, குளித்து, அந்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனால்தான் இந்தப் பக்கத்துக் கதவு திறக்கும். அதுவரைக்கும் இசக்கியம்மாள் இந்த நீல பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பக்கத்து ஸ்டூலில் ஜெசிந்தா இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் சவம், அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. திரும்பினாலும் என்ன தெரியப்போகிறது, கண்ணாடிக்குள் ஆவி படிந்து உலகமே கழனித்தண்ணியாகக் கலங்கிக் கிடக்கிறது, காலையில் உள்ளே போனதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, ஆனாலும் அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, குடிக்காத தண்ணீர் எங்கிருந்துதான் வந்து சேருகிறதோ. புரட்டாசி வெயில் ஜன்னல் வழியாக வந்து மடியில் விழுந்தது. உடைக்குள் வியர்வை முதுகுத்தண்டு வழியாக மெல்ல இறங்குவது தெரிந்தது, இறங்கி இறங்கி இடுப்புக்கு வந்து நின்றது, அந்த இடத்தில் நின்றதும் அவளுக்கு மறுபடி அது ஞாபகம் வந்துவிட்டது. ஒரு விரல் போவும். ஜெசி அப்படித்தான் சொன்னாள். எம்புட்டு பெருசுட்டி என்று கேட்டதற்கு, ஒரு விரல் போவும் என்றாள்.

எந்த விரல்? சுண்டுவிரலா, கட்டைவிரலா? அதைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று இசக்கிக்கு இப்போது ஆத்திரமாக வந்தது. சுண்டுவிரல் போகிற ஓட்டைக்கும் கட்டைவிரல் போகிற ஓட்டைக்கும் வித்தியாசம் இல்லையா, ஒரு ஊசிமுனை போதும் என்று பயிற்சியில் சொன்னார்கள், ஊசிமுனையே போதும் என்றால் விரலுக்கு என்ன கணக்கு, ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலைமையிலா இருந்தாள். இந்த உடைக்குள் இருந்துகொண்டு யாரும் யாரிடமும் மெதுவாகப் பேச முடியாது, மாஸ்க்குக்கு மேல் மாஸ்க், காது இரண்டும் அடைத்துக் கிடக்கும், ஆக்சிஜன் இரைச்சல் வேறு, மாத்திரை எடுத்து வா என்பதைக்கூடச் சண்டைக்காரி மாதிரி கத்தித்தான் சொல்ல வேண்டும். ஜெசி தன் ரகசியத்தையும் அப்படித்தான் சொன்னாள், தொண்டை கிழியக் கத்தி. ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிற மரக்கடை முதலாளி குப்புறப் படுத்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். உலகத்தில் பாவத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் காதோடு காதாகக் கிசுகிசுப்பார்கள், இவள் வார்டே கேட்கிற மாதிரி முழங்கினாள், "உன் முதுகுல தையல் விட்டிருந்திச்சுட்டி! நான் பாத்தேன்! பாத்துட்டுச் சொல்லல!" என்று. அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, ஏதோ ஜாக்கெட் விவகாரம் என்று நினைத்துத் திரும்பவும் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

இசக்கியாக வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டதுதான். காலையில் போன் வந்தது, டூட்டிக்கு ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், புருசன் சொரிமுத்துவிடமிருந்து. பஸ் டிப்போவில் என்ஜினையே பிரித்து மேய்கிற மனுசன், போனில் நாக்கு குழறினார். "ஏளா, அபி ரூமுக்குள்ள போயிக் கதவப் பூட்டிக்கிட்டு அழுதுகிட்டு கெடக்கா. என்னனு கேட்டா சொல்ல மாட்டேங்கா. பொறவு பாத்தா... பாத்ரூம்ல... எனக்கு என்ன சொல்லதுன்னு தெரியல. அதான்னு நெனைக்கேன்." அதான் என்றால் அதுதான், பிள்ளை பெரியபிள்ளை ஆகிவிட்டாள். வீட்டில் ஒரு பொம்பளை கிடையாது. அத்தைக்காரி பம்பாயில், ரயில் கிடையாது. தாய்மாமன் வீடென்று ஒன்று இல்லவே இல்லை. கூடப்பிறந்த சக்தியக்கா இருந்திருந்தால் இந்நேரம் அபியை மடியில் போட்டுத் தலையைத் தடவிக்கொண்டே இதில அழுகதுக்கு என்னளா இருக்கு என்று அதட்டியிருப்பாள், உளுந்தைப் போட்டுக் களி கிண்டத் தொடங்கியிருப்பாள். "கதவுக்கு வெளிய நின்னு சொல்லுங்க," என்றாள் இசக்கி, "அம்ம இன்னைக்குச் சாயந்தரம் வந்துருவா, வந்துதான் தண்ணி ஊத்துவா, அழாதேன்னு சொல்லுங்க. என் மஞ்சப்பெட்டில பழைய வேட்டித்துணி மடிச்சிருக்கும், அத எடுத்துக் குடுங்க." வாரக்கணக்காக லாட்ஜிலும் வார்டிலும் மாறிமாறிக் கிடந்த முறை இன்றோடு முடிகிறது. மூக்கில் குச்சி விட்டு எடுத்ததும் நெகட்டிவ் என்று வந்துவிட்டது. இந்த ஒரு டூட்டி, அப்புறம் வீடு.

அந்தச் சந்தோசத்தில்தான், அந்தத் துக்கத்தில்தான், இரண்டும் ஒன்றாக வந்தால் மனுசி வாய் சும்மா இருக்குமா, வார்டில் வைத்து ஜெசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறைக்கு மேல் கையுறை, பிடித்த மாதிரியே இருக்கவில்லை. "ஜெசி, உன் ஒரு சொல்லுலதான்ட்டி நான் நிக்கேன்," என்றாள். "அக்காவுக்கு இந்தச் சீக்க நான் கொண்டு போகலன்னு நீ சொன்னேல்லா, அந்த ஒரு சொல்லு. அது மட்டும் இல்லன்னா இன்னைக்கு அபி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" அப்போதுதான் ஜெசி கையை உருவிக்கொண்டாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் எங்கேயோ போய்விட்டு வந்தன. நன்றி சொன்னால் வாங்கிக்கொண்டு பேசாமல் போகத் தெரியாத மூதி. இத்தனை நாள் பொய்யைத் தின்று ஏப்பம் விட்டவளுக்கு இன்றைக்கு ஒரு நன்றி செரிக்கவில்லையாம்.

கிட்டு என்று எல்லோரும் சொல்கிற இந்த உடையைப் போடுவதில் ஒன்றும் இல்லை, குழந்தைகூடப் போட்டுக்கொள்ளும். கழற்றுவதில்தான் உயிர் இருக்கிறது. கிருமியெல்லாம் வெளிப்பக்கம் உட்கார்ந்திருக்கும், உள்பக்கம் நீ இருப்பாய், ஒன்று மற்றதைத் தொடாமல் பிரித்தெடுக்க வேண்டும். அதனால்தான் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து விட்டார்கள். ஒருத்தி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மற்றவள் கழற்ற வேண்டும், சொல்லுகிறவள் தொடக்கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம். எதையும் கழற்றுவதற்கு முன்னால் முதல் வேலை, உடை எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பது. நெஞ்சையும் கையையும் காலையும் நீயே பார்த்துக்கொள்ளலாம். முதுகை நீ பார்க்க முடியாது, அது ஜோடிக்காரியின் பொறுப்பு. கிழிசல் இருந்தால் அவள் இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால் வீடு கிடையாது, நேரே லாட்ஜ், தனியறை, கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலம். முதலில் ஜோடி யார் என்று கேட்டபோது இசக்கியும் ஜெசியும் ஒரே நேரத்தில் ஒருத்தியை ஒருத்தி கைகாட்டினார்கள். பின்னே, நர்சிங் பள்ளி ஹாஸ்டலில் ஒரே பாயில் படுத்தவர்கள், இருப்பதிலேயே நல்ல சேலை ஒன்றை மாற்றி மாற்றிக் கட்டியவர்கள், எலும்புக்கூட்டு அறைக்குள் தனியாகப் போகப் பயந்து கைகோத்துக்கொண்டு போனவர்கள். இந்த உடைக்குள் எல்லோரும் ஒரே வெள்ளை மூட்டையாக இருப்பதால் முதுகில் மார்க்கர் பேனாவால் பேர் எழுத வேண்டும், இசக்கி முதுகில் ஜெசி எழுதுவாள், எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு பூவும் போடுவாள். டாக்டர் ஒருவர் இதென்ன பூப்போட்ட சிஸ்டர் என்று கேலி செய்தார். எழுதுகிற முதுகை இவள் பார்க்காமலா இருந்திருப்பாள், பார்த்தாள், நன்றாகத்தான் பார்த்தாள், பார்க்காமல் விட்டிருந்தால்கூட மன்னித்துவிடலாமே.

அன்றைக்கு ஆனி மாதம். அன்றைக்கும் கடைசி டூட்டிதான், அன்றைக்கும் வீட்டுக்குப் போகிற நாள்தான், மறுநாள் அபிக்குப் பிறந்தநாள். இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்க் கையைத் தூக்கினாள், காலை அகட்டினாள், திரும்பினாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஜெசி சொன்னாள், "ஒண்ணுமில்லட்டி, கழத்து." அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நேரம்? இசக்கி இப்போது அதை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், ஒரு மூச்சு இருக்குமா, இரண்டு மூச்சு இருக்குமா, அந்த மூச்சுக்குள்தான் ஜெசி யோசித்திருக்கிறாள், யோசித்து முடிவெடுத்திருக்கிறாள், அந்த முடிவில் அக்காவுக்கும் பங்கு இருக்கிறது என்று தெரியாமல். வார்டில் கத்தும்போது அதையும் சொன்னாள், "நீ அழுதுட்டே இருந்தட்டி அன்னைக்கு! பிள்ளையப் பாக்கணும் பாக்கணும்னு! டெஸ்ட்டும் இல்லன்னு வந்துட்டு! நான் வாயத் தொறந்தா உன்ன லாட்ஜுக்குத் தூக்கிட்டுப் போயிருவாவ! என்ன வந்துரப் போவுதுன்னு நெனச்சுட்டேன்!" என்ன வந்துரப் போவுது. என்ன வந்ததென்று தெரியாதா இவளுக்கு. அக்கா தையல்காரி. கோவில்பட்டியில் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தவள், புருசன் விட்டுவிட்டுப் போனபிறகு மிசினோடு இங்கே வந்து சேர்ந்தவள், தெருவில் போகிறவள் ஜாக்கெட்டில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள், கூப்பிட்டு உட்காரவைத்து அடித்துக் கொடுத்தும் அனுப்புவாள். அவளைப் போய்க் கொன்றது ஒரு தையல்.

அபி பிறந்தநாள் முடிந்து இரண்டொரு நாளில் அக்கா கருவாடு வறுத்தாள். அபி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள், அம்மா நாத்தம் தாங்கல, அம்மா நாத்தம் தாங்கல என்று. இசக்கி அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. சட்டிக்கு மேல் குனிந்து மோந்தாள், வெறும் சூடுதான் முகத்தில் அடித்தது. அந்த நிமிசத்தில் காலடியில் தரை நழுவியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஜெசியிடம் மட்டும் சொன்னாள், உடனே கொல்லைப்பக்கம் போய்ப் போன் போட்டுச் சொன்னாள். ஜெசி சிரித்தாள். ஆமாம், சிரித்தாள், அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கிடக்கிறது. "இம்புட்டு நாளு மாஸ்க்கப் போட்டு அமுக்கிக்கிட்டுக் கெடந்தா மூக்கு செத்துதான் போவும், எனக்குந்தான் ஒரு எழவும் தெரியல. நீ பயப்படாத. உன் முதுக தெனம் நான்தான பாத்தேன்?" என்றாள். முதுகைப் பார்த்தவளே சொன்ன பிறகு என்ன பயம். இசக்கி உள்ளே வந்து அக்கா தட்டிலிருந்தே ஒரு துண்டு கருவாட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அக்காவுக்கு அதற்கடுத்த நாளே காய்ச்சல்.

ஜெசி அப்போதாவது சொல்லியிருக்கலாம். டூட்டி முடிந்த அன்று சொல்லவில்லை, சரி, கருணை, பாசம், என்ன எழவோ வைத்துக்கொள்ளட்டும். கருவாடு வறுத்த அன்றைக்குச் சொல்லியிருந்தால் அக்காவைத் தள்ளி வைத்திருக்கலாம், முதல் நாளே மருந்து கொடுத்திருக்கலாம், சர்க்கரைக்காரி என்று சீக்கிரமே கட்டில் பிடித்திருக்கலாம். எத்தனை லாம். பயந்துவிட்டாளாம். ஒரு தடவை மறைத்ததால் இரண்டாவது தடவையும் மறைக்க வேண்டியதாகிவிட்டதாம், அதையும் கத்தினாள். அக்கா இதே கட்டிடத்தின் மேல்மாடியில் கிடந்தாள். இசக்கிக்குச் சளி மாதிரி வந்துவிட்டுப் போய்விட்டது, அக்காவிடமிருந்துதான் தனக்கு ஒட்டியது என்று நம்பிக் கீழ்வார்டில் படுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், மேலே கூரைக்கு அந்தப் பக்கம் அக்கா. மாடிக்கு டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனவள் ஜெசி. வீடியோவில் அக்கா முகத்தைக் காட்டியவள் ஜெசி. கடைசியில் வாயில் தண்ணீர் விட்டவளும் அவள்தான். அதற்காக இசக்கி ஆஸ்பத்திரி வாசல் என்றும் பார்க்காமல் அவள் காலைத் தொடக் குனிந்தாள், ஜெசி பதறிப்போய் விலகினாள். அந்தப் பதற்றத்தைத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டாளே, எவ்வளவு பெரிய மடச்சி. குற்றவாளி காலைப் பிடித்து நன்றி சொன்ன ஒரே ஆள் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் இவளாகத்தான் இருப்பாள்.

ஸ்டூல் கிரீச்சிட்டது. ஜெசி கொஞ்சம் இந்தப் பக்கமாக நகர்ந்த மாதிரி இருந்தது. பேசப்போகிறாளா? பேசட்டும் பார்ப்போம். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது, உள்ளே போனவர்கள் குளிக்கத் தொடங்கிவிட்டார்கள், தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அடிவயிறு இன்னும் முட்டியது. காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆடியில் சென்னையிலிருந்து ஒரு மனநல டாக்டரம்மா கம்ப்யூட்டரில் வந்தார், வேலை பார்க்கிறவர்களுக்கு மனவுறுதிப் பயிற்சியாம். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், பத்து விரலையும் பார்க்கச் சொன்னார். மனசு ஆடும்போது பிடித்துக்கொள்ள ஒரு தூண் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு உண்மையை வைத்துக்கொள்ளுங்கள் என்றார், ஒவ்வொருவரையும் அதைச் சொல்லச் சொன்னார். சிலர் சாமி என்றார்கள், சிலர் பிள்ளைகள் என்றார்கள். இசக்கி எழுந்து நின்று, என் வழியா எங்க அக்காவுக்கு வரல, அது எனக்கு உறுதியாத் தெரியும், அதான் என் தூண் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசியும் தட்டினாள். அதற்குப் பிறகு இசக்கியைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவளுக்கு நெஞ்சுறுதி ஜாஸ்தி என்பார்கள், சுதந்திர தினத்துக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள். அக்கா செத்து மாதம் முடியுமுன் வேலைக்கு வந்துவிட்டாள் பாருங்கள் என்று பெருமை பேசினார்கள். உறுதியாவது மண்ணாவது, பொய்யில் நட்ட தூண், அதைச் சுற்றிச் சுற்றி வந்து கும்பிட்டிருக்கிறாள். அதுவும் இனி இல்லை. இன்றைக்கு ராத்திரி தலையணையில் தலையை வைத்தால் என்ன நினைப்பாள்? நான்தான் கொண்டு போனேன் என்றுதான் நினைப்பாள். அந்த ஒரு நினைப்பு வந்துவிடக் கூடாதென்றுதானே இத்தனை நாளும் ஓடி ஓடி வேலை பார்த்தாள்.

சரி, இதைச் சொன்னாள். இதைத் தவிர எதையெல்லாம் சொல்லவில்லை? பயம் அங்கே போய்ச் சிக்கிக்கொண்டது. ஒண்ணுமில்லட்டி, கழத்து. தினமும் அதே சொல், அதே குரல். எந்த நாள் உண்மை, எந்த நாள் பொய்? ஆவணியில் ஒருநாள் இசக்கிக்குத் தொண்டை கரகரத்ததே, அன்றைக்கு? போன வாரம் கட்டில் கம்பியில் முதுகு உரசியதே, அன்றைக்கு? இப்படி யோசித்துக்கொண்டே போனால் ஹாஸ்டல் வரைக்கும் போகும், மாப்பிள்ளை வீட்டார் போட்டோவைக் காட்டியபோது நல்லாத்தான் இருக்காருட்டி என்று சொன்னாளே, அதுவும்கூட. இப்போது உள்ளே போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அவள் ஒண்ணுமில்லை என்பாள், நம்பி வீட்டுக்குப் போவதா? அபிக்குத் தண்ணீர் ஊற்றுவதா? பிள்ளையின் ஈரத்தலையைத் துவட்டிவிட்டு நெற்றியில் முத்தமும் கொடுப்பாள், கொடுக்காமல் இருக்க முடியுமா? வேறு ஜோடி கேட்கலாம். கேட்டால் இன்சார்ஜ் சிஸ்டர் ஏன் என்பார். சொன்னால் ஜெசி வேலைக்கு வேட்டு. சொல்லிவிட வேண்டும். ஒரே வாக்கியம், அவ்வளவுதான், வாயில் வந்து நிற்கிறது. தூத்துக்குடியில் கட்டிலோடு கிடக்கிற அவள் அம்மாவை யார் பார்ப்பார்கள்? அதை நினைக்க இசக்கி யார், அவள் நினைத்தாளா இவள் அக்காவை? சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்குச் சொன்னால் விசாரணை, அது இது என்று இங்கேயே உட்காரவைத்துவிடுவார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள். பயந்திருப்பாள். பெரியம்மா சொல்லிக் கொடுப்பதற்குள் பெரியம்மாவே போய்விட்டாள்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து பினாயில் வாடையும் சோப்பு வாடையும் வந்தன, வாடை தெரிகிறது, நல்லது, இப்போதெல்லாம் எந்த நாற்றம் தெரிந்தாலும் இசக்கிக்கு ஒரு நிம்மதி. ஜெசி எழுந்தாள். வழக்கமாக இசக்கிதான் முதலில் கழற்றுவாள், இன்றைக்கும் அவளே முன்னால் போய் மஞ்சள் வாளிக்குப் பக்கத்தில் தரையில் போட்டிருக்கிற வட்டத்துக்குள் நின்றுகொண்டாள். ஜெசி எட்ட நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்.

"கை," என்றாள் ஜெசி. குரல் உடைந்திருந்தது, கத்தியதில் போயிருக்கும். இசக்கி சானிடைசரைத் தேய்த்தாள். "முன்னால பாக்கேன். நேரா நில்லு." நின்றாள். "கையத் தூக்கு." தூக்கினாள். அக்குள் பார்த்தாள், இடது, வலது. "காலு." அகட்டினாள். பேச்சில் ஒரு சொல் கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை, கடையில் சாமான் கேட்கிற மாதிரி. அது இசக்கிக்குப் பிடித்திருந்தது. இப்படியே முடிந்தால் போதும், ஒண்ணுமில்லை என்று சொல்லட்டும், நம்பினாலும் நம்பாவிட்டாலும் வெளியே போய்விடலாம், வெளியே போன பிறகு உனக்கும் எனக்கும் ஒன்றும் கிடையாது, செத்தால்கூட வரமாட்டேன். "திரும்பு," என்றாள் ஜெசி.

திரும்பினாள். எதிரே வெள்ளைச் சுவர், ஈரம் கசிந்து ஒரு பக்கம் ஊதியிருந்தது. பின்னால் ஜெசியின் மூச்சு கேட்டது, அல்லது அது இவள் மூச்சாகவே இருக்கலாம், இந்த உடைக்குள் தன் மூச்சுதான் எப்போதும் பெரிதாகக் கேட்கும். ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு. ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள்? அன்றைக்கும் இவ்வளவு நேரம்தானே ஆனது, இவ்வளவு நேரமா ஆனது? யோசிக்கிறாள். மறுபடியும் நின்று யோசிக்கிறாள். சொல்லித் தொலையேன். ஒண்ணுமில்லட்டி, கழத்து, இரண்டே சொல், தினமும் சொல்கிற சொல். வியர்வை முதுகில் இறங்கியது. இடுப்புக்கு மேல் ஒரு இடத்தில் மட்டும் காற்றுப் பட்ட மாதிரி குளுகுளுவென்று இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை, பிரமை, நினைத்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தோன்றும்.

"இசக்கி," என்றாள் ஜெசி. "கிழிஞ்சிருக்குட்டி."

பொய். அதுதான் முதலில் வந்தது. பொய் சொல்கிறாள். அன்றைக்குச் சொல்லாததற்குப் பரிகாரமாக இன்றைக்கு இல்லாததைச் சொல்கிறாள், காலம்போன காலத்தில் நியாயவாதி ஆகப் பார்க்கிறாள், தன் பாவத்தைக் கழுவ என் பிள்ளை நாள்தான் கிடைத்ததா இவளுக்கு. அடுத்த நொடியே, இல்லை, உண்மைதான், குளுகுளுவென்று இருந்ததே என்று உடம்பு சொன்னது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்க்கலாம் என்றால் கையுறை முழுக்க வார்டு அப்பியிருக்கிறது, தொடக்கூடாது. யாரிடம் கேட்பது? உலகத்தில் அவள் முதுகைப் பார்க்கிறதற்கு இந்த அறையில் இவள் ஒருத்திதான் இருக்கிறாள். லாட்ஜ். தனியறை. போனில் அபியின் அழுகை. யார் தண்ணீர் ஊற்றுவது, சொரிமுத்துவா ஊற்றுவார், பக்கத்து வீட்டுக்காரிகளா வருவார்கள், கொரோனா நர்ஸ் வீடு என்று கோலம்கூட எட்டத் தள்ளிப் போடுகிறவர்களா வருவார்கள்? பிள்ளை எத்தனை நாள் அந்தக் கதவுக்குள் ஒண்டியாக உட்கார்ந்திருப்பாள், அம்மா வருவா என்று வேறு சொல்லி வைத்தாயிற்றே.

"ஜெசி," என்றாள் இசக்கி. சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள், கத்தவில்லை, முதல்முறையாக இந்த உடைக்குள்ளிருந்து மெதுவாகப் பேசினாள், ஆனாலும் அவளுக்குத் தன் குரல் தலைக்குள் முழங்கியது. "ஏட்டி ஜெசி. உன் காலப் பிடிச்சுக் கேக்கேன். நீ ஒண்ணும் பாக்கல. சரியா? ஒண்ணுமில்லன்னு சொல்லிரு. இன்னைக்கு ஒரு நாளு மட்டும்."

சொன்ன சொல் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவள் காதிலேயே விழுந்தது. என்ன கேட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. சொல்லிருட்டி, சொல்லிரு, பொய்யாவது சொல்லிரு என்று உள்ளே அது கிடந்து கதறிக்கொண்டே இருந்தது. அக்காவைக் கொன்றவளை மன்னிக்க மாட்டேன் என்று காலையிலிருந்து சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தவள், அவள் மறுபடி அதையே செய்தால் இந்த நிமிசமே மன்னித்துவிடத் தயாராக நின்றாள்.

"அன்னைக்கு நீ இப்படிக் கேக்கக்கூட இல்லட்டி," என்றாள் ஜெசி. அழுதாள் போலிருக்கிறது. பிறகு அவள் காலடிச் சத்தம் கதவுப்பக்கம் போனது. கதவைத் திறந்தாள். "சிஸ்டர்! இங்க வாங்க! இசக்கியம்மாளுக்குக் கிட்டு கிழிஞ்சிருக்கு!" என்று வார்டே கேட்கக் கத்தினாள்.

இசக்கி சுவரைப் பார்த்தபடியே நின்றாள். கையைத் தூக்கச் சொன்னதிலிருந்து கை பாதித் தூக்கிய நிலையிலேயே இருந்தது, இறக்கச் சொல்ல ஆளில்லை.